நாள் முழுக்க நிற்கிற வேலைக்கு ‘பேர்ஃபுட்’ ஷூ சரிப்படுமா?

சுவா சூ காங் டீச்சர் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வயது 38. காலை ஏழு மணிக்குப் பள்ளிக்குள் நுழைந்தால் இரண்டு மணி வரைக்கும், துணைப்பாட வகுப்பு இருந்தால் நான்கு வரைக்கும், நிற்பதும் நடப்பதும்தான் வேலை. தமிழ் வகுப்புக்கென்று தனி அறை கிடையாது. மூன்றாம் மாடி, நான்காம் மாடி என்று நான்தான் புத்தகப் பையோடு ஏறி இறங்குகிறேன்.

பதினோரு வருடமாக முனை குறுகிய கறுப்புத் தட்டைக் காலணிதான் போடுகிறேன். குதி உயரமே இல்லை, அதனால் காலுக்கு நல்லது என்று நம்பியிருந்தேன். இப்போது வலது சுண்டுவிரல் பக்கத்து விரலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. அதன் வெளிப்பக்கம் கால் ஆணி. சாயங்காலம் காலணியைக் கழற்றும்போது முன்பாதம் மிளகாய் தடவினாற்போல் எரியும்.

ஜூன் விடுமுறையில்தான் ஒன்றைக் கவனித்தேன். நான்கு வாரமும் வீட்டுக்குள் வெறுங்கால், கீழே கடைக்குப் போனால் சிலிப்பர். இரண்டாவது வாரத்தில் எரிச்சல் போய்விட்டது. பள்ளி திறந்து ஐந்தாம் நாள் திரும்ப வந்துவிட்டது. நிற்பதால்தான் வலி என்றால் விடுமுறையிலும் அடுப்படியில் நின்றுகொண்டுதானே இருந்தேன்?

கூட வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவர் பேர்ஃபுட் ஷூ போடுகிறார். கழற்றி, பாயைச் சுருட்டுவது போல் சுருட்டிக் காட்டினார். மெல்லிய அடி, குதியும் முன்பாதமும் ஒரே மட்டம், முனை விரல்களின் வடிவத்துக்கே விரிந்திருக்கிறது. விலையைக் கேட்டால் இருநூறு வெள்ளிக்கு மேல். அவ்வளவு கொடுத்து வாங்கி வீணாகிவிடக் கூடாது என்றுதான் இங்கே கேட்கிறேன். நம் ஊரில் போகிற இடமெல்லாம் சிமெண்டும் டைல்ஸ் தரையும்தான். அதன்மேல் இத்தனை மெல்லிய அடியோடு நாள் முழுக்க நிற்கலாமா? மழை நாளில் வழுக்குமா? கடையில் கிடைக்கும் வகை குறைவு, இணையத்தில் வாங்குவதென்றால் அளவு பார்ப்பது எப்படி?

இன்னும் இரண்டு. அம்மாவுக்கு 67 வயது, நீரிழிவு வந்து 14 வருடம். “எனக்கும் அந்த மாதிரி லேசான செருப்பு ஒன்று பார்” என்கிறார். மகனுக்கு எட்டு வயது, தட்டைப் பாதம். அவனுக்கு இது உதவுமா, கெடுக்குமா? போட்டுப் பழகியவர்கள் சொல்லுங்கள்.


வரப்புக்கால்:

டீச்சர், வணக்கம். உங்க ஜூன் மாசக் கணக்கே பாதி பதில் சொல்லிடுச்சு. அது நின்னதால வந்த வலி இல்ல, நெருக்கினதால வந்த வலி. அதனால முதல்ல இதைச் சொல்லிடறேன்: உங்களுக்கு இப்ப வேண்டியது அகல முனை. மெல்லிசு அடி அப்புறம். இந்த ரெண்டும் ஒண்ணுதான்னு நெனச்சு நான் கால் எலும்பை ஒடச்சுக்கிட்டேன். அந்தக் கதையைச் சொன்னாத்தான் என் யோசனை உங்களுக்குப் புரியும்.

எனக்கு மன்னார்குடி பக்கத்துல கிராமம். பத்தாவது முடிக்கிற வரைக்கும் வரப்பு, வாய்க்கால், தார் ரோடு எல்லாம் வெறுங்கால்தான். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் ரப்பர் செருப்பு, அதையும் சேறு வந்தா கையில தூக்கிக்குவோம். 2006ல இங்க வந்தேன், துவாஸ்ல கப்பல் பட்டறை வேலை. அன்னைக்குப் போட்ட சேஃப்டி பூட்ஸ். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், பன்னெண்டு மணி நேரம், பதினாறு வருஷம் ஓடிப்போச்சு. ஒரு தடவை லீவுல ஊருக்குப் போயி நடவு வயல்ல எறங்கினேன். முன்னாடியெல்லாம் சேத்துல அஞ்சு விரலையும் விரிச்சு ஊனினா கால் அசையாது. அன்னைக்கு விரல் விரியவே இல்ல. அஞ்சும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்குது, ரெண்டு தடவை சறுக்கிட்டேன். எங்கப்பாவுக்கு அப்ப எழுபது வயசு. அவரு பக்கத்துல நட்டு வச்ச மாதிரி நிக்கறாரு. அது என் மனசுல தச்சிருச்சு.

2022 கடைசியில ஒரு பேர்ஃபுட் ஷூ வாங்கினேன். அடி நாலு மில்லிமீட்டர்தான் இருக்கும். வெறுங்கால்ல வளந்தவன் எனக்கு என்ன பழக்கம் வேண்டிக்கெடக்குன்னு முதல் நாளே முழு நேரமும் போட்டேன். மூணாவது ஞாயித்துக்கிழமை, புக்கிட் தீமா பழைய ரயில் நிலையத்துல ஆரம்பிச்சு ரயில் காரிடார்ங்கிற பழைய ரயில் தடத்து நடைபாதை வழியா ஹில்வியூ வரைக்கும் போயி, அதே வழியா திரும்பி வந்தேன். அன்னைக்கு ராத்திரி கெண்டைக்கால் கல்லு மாதிரி இறுகிப்போச்சு, அதை நான் பெருசா எடுத்துக்கல. புதன்கிழமை காலையில எந்திரிச்சு கால ஊனறேன், பாதத்து மேல்பக்கம், ரெண்டாவது விரலுக்கு நேரா, ஒரு வெள்ளிக் காசு அளவு இடத்துல சுருக்குன்னு வலி. கிளினிக்ல எக்ஸ்ரே எடுத்தாங்க, ஒண்ணும் தெரியல, சுளுக்குன்னு மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க. வலி போகல. மூணு வாரம் கழிச்சு இன்னொரு இடத்துல எடுத்த படத்துலதான் தெரிஞ்சுது: முடி மாதிரி ஒரு கோடு, அதைச் சுத்தி மேகம் மாதிரிப் புது எலும்பு. ஆரம்பத்துல இந்த மாதிரி விரிசல் எக்ஸ்ரேயில பிடிபடாமப் போகும், எலும்பு ஆற ஆரம்பிச்சாத்தான் தெரியும்னு அந்த டாக்டர் சொன்னாரு. ஆறு வாரம் உக்காந்த இடத்துல வேலை. ஓவர்டைம் முழுசும் போச்சு, ஊருக்கு அனுப்பற காசு கொறஞ்சுது.

பிறகுதான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். தசை சில வாரத்துல பலமாகும், எலும்புக்கு மாசக்கணக்கு வேணும். 2013ல அமெரிக்காவுல ஓட்டக்காரங்களை விரல் விரலா இருக்கிற மெல்லிசு ஷூவுக்குப் பத்து வாரத்துல மாத்தி, எம்ஆர்ஐ எடுத்துப் பாத்தாங்க. அப்படி மாறினவங்கள்ல பாதிக்கு மேல பாத எலும்புக்குள்ள வீக்கம் கூடியிருந்துச்சு. அவங்களாவது ஓடினாங்க. நான் வெறும் நடையிலயே ஒடச்சுக்கிட்டேன். ஊர்ல நான் நடந்தது ஈர மண்ணு, புல்லு, சேறு. இங்க அடுக்குமாடி புளோக் கீழ்த்தளத்துல இருந்து எம்ஆர்டி ரயில் நிலையம் வரைக்கும் ஒரே சமமான சிமெண்டு. ஒவ்வொரு அடியும் அதே இடத்துலதான் விழுது. சின்ன வயசுக் காலு வேற, பதினாறு வருஷம் பூட்ஸுக்குள்ள கெடந்த காலு வேற. அதை நான் மறந்துட்டேன்.

இந்த வகை ஷூவுல மூணு குணம் சேர்ந்து இருக்கு: அகலம், மட்டம், மெல்லிசு. இதை இதே வரிசையில ஒண்ணொண்ணா எடுத்துக்குங்க. அகலத்துக்குப் பழகத் தேவையே இல்ல, இன்னைக்கே மாறலாம். மட்டம், நீங்க ஏற்கனவே தட்டைக் காலணி போடறதால பாதி பழகியிருக்கும். சாதாரண ஓட்ட ஷூவுல குதி எட்டுல இருந்து பன்னெண்டு மில்லிமீட்டர் உசந்திருக்கும். அதுல இருந்து வர்றவங்களுக்குத்தான் குதிநாண் இழுத்து ரொம்ப வலிக்கும். மெல்லிசு கடைசி. அதுக்கு ஆறு மாசம் ஒதுக்குங்க. முனை அகலமா, குதி மட்டமா, ஆனா அடியில மெத்தை வச்ச ஷூவும் இருக்கு. ஆல்ட்ரா கம்பெனி ஷூவுல பெரும்பாலானது அப்படித்தான். முதல்ல அந்த மாதிரி ஒண்ணு, நல்லா பழகினப்புறம் விவோபேர்ஃபுட், ஸீரோ ஷூஸ் மாதிரி மெல்லிசு. இதுதான் நான் பாக்கிற வழி.

அளவு எடுக்கறதை அவசரப்படாம செய்யுங்க. சாயங்காலம், வேலை முடிஞ்சு கால் கொஞ்சம் உப்பியிருக்கிறப்ப எடுக்கணும். ஏ4 தாளைச் சுவத்தோட ஒட்டி வச்சு, குதி சுவத்துல படற மாதிரி ஏறி நில்லுங்க. உக்காந்துக்கிட்டு வரையக் கூடாது, முழு எடையும் கால்ல இறங்கணும். பென்சிலை நேரா நிறுத்தி வேற யாராவது வரைஞ்சா நல்லது, நீங்களே குனிஞ்சா எடை மாறிடும். ரெண்டு காலையும் வரைங்க, பெரிய காலுக்குத்தான் ஷூ. நீளமான விரல் கட்டைவிரலா ரெண்டாவது விரலான்னு பாத்து, குதியில இருந்து அது வரைக்கும் அளந்து, அதோட பத்து, பன்னெண்டு மில்லிமீட்டர் கூட்டினா ஷூவோட உள்நீளம். என் காலு 262, அகலம் 108. முன்னாடி எண்ணை மட்டும் பாத்து வாங்கி ரெண்டு ஜோடி வீணாப் போச்சு. ஒரு கம்பெனியோட 42 இன்னொரு கம்பெனியோட 43. அதனால எண்ணை விட்டுட்டு உள்நீளம், உள்ளகலம் மில்லிமீட்டர்ல போட்டிருக்காங்களான்னு தேடுங்க.

கடையில போட்டுப் பாக்க முடிஞ்சா, உள்ள இருக்கிற மெத்தைத் தகட்டை, அதான் இன்சோலை, உருவித் தரையில போட்டு அது மேல ஏறி நில்லுங்க. எந்த விரலாவது ஓரத்தைத் தாண்டித் தொங்கினா அந்த ஷூ உங்களுக்கு இல்ல, எவ்வளவு அழகா இருந்தாலும் சரி. கடைக்காரங்க “போடப் போட இளகும்”னு சொல்லுவாங்க. இளகறது தோலு, கீழ இருக்கிற ரப்பர் அகலமாகாது.

நடையும் மாறணும். மெத்தை இருக்கிற ஷூவுல காலை நீட்டிக் குதியை டொம்முனு போட்டு நடப்போம், அடிக்கிறது தெரியாது. மெல்லிசுல எட்டு வைக்கிற தூரத்தைக் குறுக்கி, கால் உடம்புக்குக் கீழேயே விழற மாதிரி வைக்கணும். சுலபமான வழி, சத்தத்தைக் கேளுங்க. ராத்திரி புளோக் நடைபாதையில நடந்து பாருங்க, உங்க காலடி உங்களுக்கே கேட்டுச்சுன்னா இன்னும் பலமா ஊனறீங்கன்னு அர்த்தம்.

மெல்லிசுக்கு மாறுற நேரம் வந்தா: முதல் ரெண்டு வாரம் ஒரு நாளைக்கு இருபது நிமிஷம், வீட்டுல இருந்து பஸ் நிறுத்தம் வரைக்கும் மட்டும். பழைய ஜோடி பையில இருக்கட்டும். பள்ளியில நிக்கிற நேரத்துக்கு அதைக் கடைசியாத்தான் கொண்டு போகணும், ஏன்னா நிக்கிறது நடக்கிறதைவிடக் கடுமை. கெண்டைக்கால் வலி, உள்ளங்கால் அசதி ரெண்டு நாள்ல போயிடும், பயப்பட வேண்டாம். ஆனா ஒத்தை விரலால தொட்டுக் காட்டற மாதிரி எலும்பு மேல ஒரே இடத்துல வலிச்சா, அன்னைக்கே நிறுத்திடுங்க. நான் நிறுத்தல, அதான் ஆறு வாரம்.

இப்பவும் வேலையில எனக்கு சேஃப்டி பூட்ஸ்தான், அதுல விட்டுக்கொடுக்கவே கூடாது. ஆனா அதையும் அகல வார்ப்புல கேட்டு வாங்கினேன். வேலை முடிஞ்சு பட்டறை வாசலுக்கு வெளிய வந்ததும் வேற ஷூ மாத்திக்குவேன். ராத்திரி எங்க புளோக் பக்கத்துல கூழாங்கல் பதிச்ச ரிஃப்ளெக்ஸாலஜி பாதையில வெறுங்காலோட பத்து நிமிஷம். காலையில அங்க நடக்கிற சீனப் பெரியவங்களைப் பாத்துக் கத்துக்கிட்டது. முதல் வாரம் கம்பியைப் பிடிக்காம ரெண்டு எட்டு வைக்க முடியல. இப்ப கையை வீசிக்கிட்டு நடக்கறேன். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப வயல்ல எறங்கிப் பாத்தேன். சுண்டுவிரல் தனியா விரியுது.


பாதம் பார்க்கும் தாதி:

டீச்சர், மேலே வரப்புக்கால் அண்ணன் எழுதியதை அப்படியே ஏற்கிறேன். உங்கள் அம்மாவைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் நீரிழிவுக்காரர்களின் காலைப் பார்ப்பதுதான் என் தினசரி வேலை.

அம்மாவுக்கு மெல்லிய அடி வேண்டவே வேண்டாம். காலில் உணர்ச்சி எவ்வளவு இருக்கிறது என்று சோதிக்காமல் யோசிக்கவே வேண்டாம். பேர்ஃபுட் ஷூவின் அடிப்படையே தரையைப் பாதம் உணர்ந்து அதற்கேற்ப நடையை மாற்றிக்கொள்ளும் என்பதுதான். 14 வருட நீரிழிவில் அந்த உணர்வே குறைந்திருக்கலாம். குறைந்திருப்பது அவருக்கே தெரியாது. ஒரு முறை ஐயா ஒருவர் சர்க்கரைப் பரிசோதனைக்கு வந்தார். காலைக் காட்டுங்கள் என்று சிலிப்பரைக் கழற்றச் சொன்னேன், கழற்ற வரவில்லை. அறிவிப்புப் பலகையில் குத்தும் ஊசி ஒன்று அடியைத் துளைத்து உள்ளங்காலில் இறங்கியிருந்தது. எப்போது குத்தியது என்று கேட்டதற்கு, “என்ன குத்தியது?” என்று திருப்பிக் கேட்டார். அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) நீரிழிவுக்காரர்களுக்குப் பாதப் பரிசோதனை செய்வார்கள். வருடம் ஒரு முறையாவது செய்திருக்க வேண்டும். நைலான் இழை ஒன்றைப் பாதத்தில் சில இடங்களில் வளையும்வரை அழுத்துவார்கள். அது வளையும்போது பத்து கிராம் அழுத்தம். கண்ணை மூடிக்கொண்டு, தொடுவது தெரிகிறதா என்று சொல்ல வேண்டும். ஐந்து நிமிட வேலை. அம்மா கடைசியாக எப்போது செய்தார் என்று கேட்டுப் பாருங்கள்.

அவருக்கு ஏற்றது அகலமான முனை, கனமான மெத்தை அடி, பின்பக்கம் பிடித்துக்கொள்ளும் பட்டை உள்ள காலணி. வீட்டுக்குள்ளும் ஒன்று போட்டுக்கொள்ளட்டும். போடுமுன் கையை உள்ளே விட்டுத் துழாவிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். கோயிலுக்குப் போனால் உச்சி வெயிலில் வெளிப்பிரகாரத்தைச் சுற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள். சூடு தெரியாமலே கால் வெந்து வந்தவர்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். காலையில் வெள்ளென போய்ச் சுற்றட்டும், சாமி கோபித்துக்கொள்ளாது. கால் ஆணிக்கு மருந்துக் கடையில் விற்கும் பிளாஸ்திரியை அம்மாவுக்கு ஒட்டிவிடாதீர்கள். அதில் இருக்கும் அமிலம் நல்ல தோலையும் அரித்துப் புண்ணாக்கிவிடும்.

உங்கள் கால் ஆணி, நெருக்கம் நின்றால் தானே குறையும். பாதநல நிபுணர் ஒரு முறை சீவிவிட்டால் சீக்கிரம் ஆறும். கட்டைவிரல் மூட்டு மேல்நோக்கி மடங்குகிறதா என்றும் பாருங்கள். அந்த மூட்டு இறுகிப்போனவர்களுக்குச் சுருட்டக்கூடிய ஷூ வலியைக் கூட்டும், அவர்களுக்குக் கெட்டியான அடிதான் நல்லது.

மகனைப் பற்றி: சின்னப் பிள்ளைகளுக்குத் தட்டைப் பாதம் மிகவும் சகஜம். வளர வளரப் பலருக்கு வளைவு வரும். வலி இல்லை, ஓடி விளையாடுகிறான் என்றால் அவசரமில்லை. 1992இல் இந்தியாவில் 2,300 பிள்ளைகளின் பாதத்தைப் பார்த்து ராவ், ஜோசப் என்ற இரு மருத்துவர்கள் எழுதினார்கள். காலணி போட்டு வளர்ந்தவர்களில் 8.6 விழுக்காட்டினருக்குத் தட்டைப் பாதம், போடாதவர்களில் 2.8. அதிலும் முனை மூடிய ஷூ போட்டவர்களுக்குத்தான் அதிகம், செருப்புப் போட்டவர்களுக்குக் குறைவு. ஆகவே வீட்டிலும் விளையாட்டுத் திடல் மணலிலும் அவன் வெறுங்காலோடு திரியட்டும், அதட்ட வேண்டாம்.


ஈஸ்ட் கோஸ்ட் ஓட்டக்காரன்:

எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. அகல முனை சரி, அதில் சண்டையே இல்லை. ஆனால் பேர்ஃபுட் ஷூ போட்டால் முட்டிவலி போகும், முதுகுவலி போகும் என்று சொல்பவர்களை நம்பிக் காசை இறைக்காதீர்கள். விரல் விரலாக இருக்கும் ஃபைவ்ஃபிங்கர்ஸ் ஷூவை விற்கும் விப்ரம் நிறுவனம், பாதத்தைப் பலப்படுத்தும், காயத்தைக் குறைக்கும் என்று விளம்பரம் செய்ததற்காக அமெரிக்காவில் வழக்கைச் சந்தித்து, 2014இல் 37.5 லட்சம் அமெரிக்க வெள்ளிக்குச் சமரசம் செய்துகொண்டது. அதன் பிறகு இந்தப் பேச்சு எங்கே வந்தாலும் ஆதாரம் கேட்கிறேன்.

ஆதாரம் இல்லாமலும் இல்லை. 2021இல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தார் ஓட்டம் எதுவும் இல்லாமல், ஆறு மாதம் அன்றாட வேலைக்கே மெல்லிய ஷூ போட்டவர்களை அளந்தார்கள். பாத பலம் சராசரியாக 57 விழுக்காடு கூடியிருந்தது. பலம் கூடுவது வேறு, உங்கள் வலி தீர்வது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் வாங்கினால் ஏமாற்றம் இருக்காது. வாரம் 40 கிலோமீட்டர் ஓடுகிறேன், ஓட்டத்துக்கு மெத்தை ஷூதான். அலுவலகத்துக்கும் கடைகண்ணிக்கும் மட்டும் பேர்ஃபுட். அப்படி நான்கு வருடமாக நிம்மதியாக இருக்கிறேன்.

மழையைப் பற்றிக் கேட்டீர்கள். வழுக்கும், ஆனால் தார் ரோட்டில் அல்ல. மழையில் நனைந்து வந்து, எம்ஆர்டி நிலையத்தின் பளபளப்பான டைல்ஸ் தரையில் முதல் நான்கு அடி வைக்கும்போதுதான். இரும்புச் சாக்கடை மூடியும் அப்படியே. வெட்டு வரி ஆழமில்லாத வழவழப்பான அடி என்றால் வாங்காதீர்கள். துணி மேல்பாகம் நனைந்தால் இன்சோலை உருவித் தனியாகக் காற்றாடிக்குக் கீழே வையுங்கள், உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து ஒரு மணி நேரத்தில் மாற்றுங்கள். வாசலில் ஷூ அலமாரிக்குள் ஈரத்தோடு மூடி வைத்தால் நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டே நாளில் நாறும். இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போடுவது நல்லது. முதல் ஜோடியை விலை மலிவாகவே வாங்குங்கள், வடிவம் ஒத்துவருகிறதா என்று பார்க்க அது போதும்.

வெளிநாட்டிலிருந்து தருவிப்பதானால் கணக்கைச் சரியாகப் போடுங்கள். 2023 ஜனவரியிலிருந்து 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கும் பொருள் சேவை வரி உண்டு, இப்போது 9 விழுக்காடு. அதைவிடப் பெரிய செலவு, அளவு தப்பினால் திருப்பி அனுப்பும் கட்டணம். எனக்கு ஒரு தடவை ஷூ விலையில் பாதி போனது. அண்ணன் சொன்ன அந்தத் தாள் வேலையை ஒழுங்காகச் செய்தாலே இந்தச் செலவு மிஞ்சும்.


வரப்புக்கால்:

தம்பி சொல்றது நியாயம். முட்டிவலி போகும்னு நானும் சொல்ல மாட்டேன். என் முட்டி எனக்கு முன்ன எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கு. ஆனா டீச்சருக்கு முட்டி இல்ல பிரச்சினை, சுண்டுவிரல்.

ஒண்ணு விட்டுப்போச்சு டீச்சர். சேலை கட்டற நாளுக்கு என்ன பண்றதுன்னு எங்க வீட்டுல கேட்டாங்க, உங்களுக்கும் அந்தக் கேள்வி வரும். லிட்டில் இந்தியாவுல தேக்கா பக்கம் கோலாப்பூரித் தோல் செருப்பு பாருங்க. மட்டமான அடி, முன்பக்கம் திறப்பு, விரலை எதுவும் நெருக்காது. புதுசுல கட்டைவிரல் வளையம் உரசும், தேங்காயெண்ணெய் தடவி ரெண்டு நாள் வீட்டுக்குள்ள போட்டுப் பழக்குங்க. மழைக்கு மட்டும் எடுக்காதீங்க, தோல் ஊறிடும்.


சுவா சூ காங் டீச்சர்:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். இப்போது செப்டம்பர் விடுமுறை, உட்கார நேரம் கிடைத்தது.

அண்ணன் சொன்ன அன்றைக்கே சாயங்காலம் தாளில் கால் வரைந்தோம். மகன்தான் பென்சில் பிடித்தான். நீளம் 238, அகலம் 97. அந்த வடிவத்தை அட்டையில் ஒட்டி வெட்டி, பதினோரு வருடமாகப் போட்ட கறுப்புக் காலணியின் அடியைத் திருப்பி அதன்மேல் வைத்தேன். காலணியின் அகலம் 79. என் சுண்டுவிரல் முழுதும், பக்கத்து விரலில் பாதியும் காலணிக்கு வெளியே நின்றன. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு காலையும் அந்த விரல்களைத்தான் மடக்கி உள்ளே தள்ளியிருக்கிறேன்.

மெல்லியது வாங்கவில்லை. அகல முனை, மட்டமான குதி, மெத்தை அடி, முழுக் கறுப்பு. பள்ளியில் யாரும் எதுவும் கேட்கவில்லை. முதல் வாரம் பார்க்க வாத்துக் கால் போல இருப்பதாக எனக்கே தோன்றியது, இப்போது பழைய காலணிதான் கண்ணுக்கு உறுத்துகிறது. மூன்றாவது வாரம் எரிச்சல் நின்றது. கால் ஆணியைப் பாதநல நிபுணர் ஒரு முறை சீவினார், திரும்ப வரவில்லை. சுண்டுவிரல் இன்னும் முழுதாக நேராகவில்லை. குளித்துவிட்டு வந்து கையால் பிரித்துவிட்டால் சற்று நேரம் அப்படியே நிற்கிறது. மெல்லிய ஜோடியை ஜனவரியில்தான் யோசிப்பேன்.

தாதி அக்கா, உங்களுக்குத்தான் தனியாகச் சொல்ல வேண்டும். அம்மாவைப் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போனேன். போன வருடம் “நேரமில்லை” என்று பரிசோதனையைத் தட்டிக்கழித்திருக்கிறார், என்னிடம் சொல்லவே இல்லை. இடது பாதத்தில் மூன்று இடத்தில் அந்த இழை தொட்டது அவருக்குத் தெரியவில்லை. தாதி அழுத்துகிறார், இழை வளைகிறது, நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அம்மா கண்ணை மூடிக்கொண்டு “இன்னும் ஆரம்பிக்கலையா?” என்று கேட்கிறார். வெளியே வந்து கைகால் ஓடவில்லை எனக்கு. இப்போது மெத்தை வைத்த பட்டைக் காலணி போடுகிறார், வீட்டுக்குள் தனியாக ஒன்று. காலையில் போடுமுன் கையை விட்டுத் துழாவுவதை மகன் தன் வேலையாக எடுத்துக்கொண்டுவிட்டான். நேற்று உள்ளேயிருந்து ஒரு லெகோ துண்டை எடுத்தான், அவனுடையதுதான்.

அவன் காலையும் வரைந்தோம். பள்ளி வெள்ளைக் காலணி நீளத்தில் சரியாக இருக்கிறது, அகலத்தில் ஒன்பது மில்லிமீட்டர் போதவில்லை. சனிக்கிழமை அவனுக்குக் காலணி வாங்கப் போகிறோம். அட்டை என் கைப்பையில் இருக்கிறது.